சக்கர வேகத்தை அளக்க எத்தனை பல் வேண்டும்?

கேள்வி இதுதான். ஒரு மாணவர் அணி சொந்தமாக மின்சாரப் பந்தயக் கார் கட்டுகிறது. டயர் வழுக்குவதைக் கட்டுப்படுத்த நான்கு சக்கரங்களின் வேகமும் தெரிய வேண்டும். சக்கரத்தோடு சுற்றும் பல் வளையத்தையும், ஒவ்வொரு பல்லும் கடப்பதைக் காந்தப்புலத்தின் வழியாக உணரும் சென்சாரைத் தாங்கும் பிராக்கெட்டையும் அவர்களே வடிவமைக்கிறார்கள். 96 பல் வைத்தால் துல்லியம் கூடும் என்கிறார் அணியில் ஒருவர். 24 போதும் என்கிறார் இன்னொருவர். எத்தனை பல், எந்த வகை சென்சார், வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேட்டிருக்கிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளையத்தின் விட்டம் 100 மி.மீ. அளவில் இருந்தால் 40 முதல் 48 பல், ஆக்டிவ் வகை (உள்ளே சில்லு உள்ள) சென்சார், 1 மி.மீ. இடைவெளி. ஆனால் இந்த மூன்று எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு வரைபடத்துக்குப் போய்விடாதீர்கள். உங்கள் ஹப்பும் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பாகம்) பேரிங்கும் நான் மனதில் வைத்திருப்பவை அல்ல. எண்கள் எப்படி வந்தன என்பது புரிந்தால் உங்களுக்கு ஏற்றதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர், பல் 48 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பல் கடக்க வண்டி 41.7 மி.மீ. நகர வேண்டும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சென்சாரிலிருந்து, பல்லுக்கு ஒன்றாக, விநாடிக்கு 667 துடிப்புகள் வரும், 3 கி.மீ. வேகத்தில் வெறும் 20. உங்கள் கட்டுப்பாட்டு நிரல் 5 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஓடுகிறது என்றால், 100 கி.மீ. வேகத்தில் ஒவ்வொரு முறையும் மூன்று துடிப்புகள் கையில் இருக்கும். 3 கி.மீ. வேகத்தில் பத்து முறை ஓடினால்தான் ஒரு துடிப்பு வரும். இதனால்தான் துடிப்புகளை எண்ணி மட்டும் வேகம் கண்டுபிடிப்பது சரிப்படாது. ஒவ்வொரு பல்லின் விளிம்பும் வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டு விளிம்புகளுக்கு நடுவில் கழிந்த நேரத்திலிருந்து வேகத்தைக் கணிப்பார்கள். 1 மைக்ரோ விநாடி டைமர் இருந்தாலே போதும். 100 கி.மீ. வேகத்தில் ஒரு பல்லுக்கு 1500 மைக்ரோ விநாடி ஆகிறது, அதில் ஒரு மைக்ரோ விநாடிப் பிழை 0.07 சதவீதம்தான்.

அப்படியானால் துல்லியத்தைக் கெடுப்பது எது? வளையத்தில் பல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் இருப்பதுதான். 100 மி.மீ. விட்டத்தில் 48 பல் என்றால் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு 6.5 மி.மீ. அதில் ஒரு விளிம்பு 0.065 மி.மீ. தள்ளி விழுந்தால் அந்த ஒரு பல்லின் அளவில் 1 சதவீதப் பிழை. சின்னதாகத் தெரியும். ஆனால் 100 கி.மீ. வேகத்தில் அது, ஒன்றரை மில்லி விநாடியில் வேகம் விநாடிக்கு 0.28 மீட்டர் மாறியதாகக் காட்டும். அதை முடுக்கமாக மாற்றினால் 185 மீ/விநாடி² வரும், அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 19 மடங்கு. வழுக்கல் கட்டுப்பாடு சக்கரத்தின் முடுக்கத்தைத்தான் உற்றுப் பார்க்கிறது. முடிக்கனத்துக்கும் குறைந்த ஒரு பிசகு அதன் கண்ணில் பெரும் விபத்தாகத் தெரிகிறது.

இங்கேதான் 96 பல் யோசனையை நிதானமாகப் பார்க்க வேண்டும். அளவீட்டுப் பிழை என்பது, விளிம்பு தள்ளி விழுந்த தூரத்தை, அளந்த நேரத்தில் சென்சாரைக் கடந்த வளையத்தின் நீளத்தால் வகுத்தால் வருவது. இந்த வகுத்தலில் பல் எண்ணிக்கை எங்கேயும் வரவில்லை. அதே லேத்தில், அதே மில்லிங்கில், அதே பிசகோடு 96 பல் வெட்டினால் ஒரு பல்லின் பிழை இரண்டு மடங்காகும். 5 மில்லி விநாடிக்குச் சராசரி எடுத்தால் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். கூடுதல் பல் உண்மையில் தருவது வேறொன்று: மெதுவாகப் போகும்போது காத்திருக்கும் நேரம் குறையும். 3 கி.மீ. வேகத்தில் 24 பல்லுக்கு 100 மில்லி விநாடி, 48-க்கு 50, 96-க்கு 25. பந்தயக் கார் நின்ற இடத்திலிருந்து சீறும்போது இது முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்களுடையது மின்சார வண்டி. மோட்டாரைச் சுழற்றவே அதன் சுழற்கோணத்தை மிக நுணுக்கமாக அளக்கும் சென்சார் ஒன்று உள்ளே இருக்கிறது. ஓட்டும் சக்கரங்களின் வேகத்தைக் கியர் விகிதத்தின் வழியாக அதிலிருந்தே எடுக்கலாம் (ஒரே மோட்டாரும், சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் என்றால் இரண்டு சக்கரங்களின் சராசரி கிடைக்கும்). ஆகவே புறப்படும் நொடிக்காகப் பல்லைக் கூட்டும் தேவை உங்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவு.

பல் தள்ளி விழுவதைவிட அடிக்கடி நடப்பது, வளையமே மையம் தவறி உட்காருவது. வளையத்தின் மையம் சுழல் அச்சிலிருந்து 0.1 மி.மீ. விலகியிருந்தால், 50 மி.மீ. ஆரத்துக்கு அது 0.2 சதவீதம். ஒவ்வொரு சுற்றிலும் வேகம் 0.2 சதவீதம் ஏறி இறங்குவதாகத் தெரியும். 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்கு 14 முறை சுற்றுவதால், பொய் முடுக்கம் கிட்டத்தட்ட 4.9 மீ/விநாடி² வரை போகும். அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி! வண்டி சீராக ஓடிக்கொண்டிருக்கும்போதே மென்பொருள் இதைப் பார்த்துக்கொண்டிருக்கும். 14 ஹெர்ட்ஸ் என்பது வடிகட்டி எறியக்கூடிய இரைச்சலும் அல்ல. அதை வடிகட்டினால் உண்மையான வழுக்கலும் சேர்ந்து மங்கிவிடும். அதனால் வளையத்தை உட்காரவைக்கும் வட்டமும் பேரிங் உட்காரும் வட்டமும் ஒரே பிடிப்பில், வேலைத்துண்டைக் கழற்றி மாட்டாமல் கடையப்பட வேண்டும் என்று வரைபடத்தில் எழுதுங்கள். நீங்கள் எழுதப்போகும் எல்லாக் குறிப்புகளிலும் இதுதான் அதிகம் பலன் தரும் என்பது என் அனுபவம். போல்ட் துளைகளை நம்பி வளையத்தை மையப்படுத்தாதீர்கள். துளைக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இருக்கும் ஆட்டமே அந்த 0.1 மி.மீ.-ஐத் தின்றுவிடும்.

அடுத்து இடைவெளி. காந்தப்புலத்தின் ஏற்ற இறக்கம், வளையத்தை விட்டு விலக விலக மிக வேகமாகத் தேய்கிறது. எவ்வளவு வேகமாக என்பதைப் பல்லின் இடைத்தூரம் தீர்மானிக்கிறது. 6.5 மி.மீ. இடைத்தூரத்துக்கு, சென்சார் 0.72 மி.மீ. விலகினால் சிக்னல் பாதியாகும். 96 பல்லாக்கி இடைத்தூரத்தை 3.3 மி.மீ. ஆக்கினால் 0.36 மி.மீ. விலகலே பாதியாக்கிவிடும். வளையத்தை ஒட்டி இருக்கும் வலிமையை 100 என்று கொண்டால், 1 மி.மீ. இடைவெளியில் 48 பல்லுக்கு 38 மிஞ்சும், 96 பல்லுக்கு 15. இடைவெளி 1.5 மி.மீ. ஆனால் முன்னதற்கு 24, பின்னதற்கு 6-க்கும் கீழே. பல்லைக் கூட்டுவதற்கு நீங்கள் கொடுக்கும் விலை இது.

அந்த 1.5 மி.மீ. எங்கிருந்து வருகிறது என்று தோன்றலாம். வரைபடத்தில் 1 மி.மீ. என்று போட்டால் வண்டியில் 1 மி.மீ. கிடைப்பதில்லை. பிராக்கெட் துளையின் இடம் 0.2 மி.மீ. தவறும். சென்சார் உடலின் நீளம் 0.1 மி.மீ. தவறும். வளையத்தின் ரன்அவுட் (சுற்றும்போது தெரியும் தள்ளாட்டம்) 0.1 மி.மீ. திருப்பத்தில் பக்கச் சுமை விழும்போது பேரிங் சற்றே சாய்ந்து, வளையம் சென்சாரை நோக்கியோ விலகியோ 0.1 மி.மீ. அளவில் போகும். பிரேக் சூட்டில் எஃகு வளையம் 100 டிகிரி கூடினால் ஆரம் 0.06 மி.மீ. வளரும். இவற்றைக் கூட்டினால் அரை மி.மீ. தாண்டுகிறது. 1 மி.மீ. என்பது 0.45 முதல் 1.55 வரை எதுவாகவும் இருக்கலாம். குறைந்த பக்கம் உரசக் கூடாது, கூடிய பக்கம் சிக்னல் அறுந்துவிடக் கூடாது. இந்தக் கணக்கை முதலில் போடுங்கள். அதிகபட்ச இடைவெளியிலும் உங்கள் சென்சார் வேலை செய்யும்படி பல்லின் இடைத்தூரத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த இடைத்தூரத்தால் வளையத்தின் சுற்றளவை வகுத்தால் பல் எண்ணிக்கை தானாக வந்துவிடும். பல்லை முதலில் முடிவுசெய்துவிட்டு இடைவெளியைத் தேடுவது தலைகீழ் வேலை.

சாலையில் ஓடும் கனரக லாரிகளில் இந்தச் சிக்கலுக்கு அழகான ஒரு தீர்வு உண்டு. சென்சார் போல்ட்டில் நிற்காது. உராய்வில் பிடிக்கும் ஸ்பிரிங் புஷ்ஷுக்குள் அதைச் செருகி, வளையத்தைத் தொடும் வரை தள்ளிவிடுவார்கள். சக்கரம் சுற்றும்போது வளையத்தின் ரன்அவுட்டே சென்சாரைத் தேவையான அளவு பின்னுக்குத் தள்ளிவிடும். டாலரன்ஸ் (அளவுத் தவறுகளின்) கணக்கில் பாதி காணாமல் போகிறது. உங்கள் காருக்கு இதையே வைக்கச் சொல்லவில்லை. பிராக்கெட்டில் நீள்துளையும் 0.1 மி.மீ. ஷிம்மும் (மெல்லிய தகடு) வைத்து இடைவெளியைக் கையால் அமைத்துக்கொண்டால் இதே பலன் கிடைக்கும். நான்கே சக்கரம்தானே.

சென்சார் வகைக்கு வருவோம். பாசிவ் வகை என்பது காந்தம், இரும்பு முனை, அதைச் சுற்றிய கம்பிச் சுருள், அவ்வளவுதான். பல் கடக்கும்போது காந்தப் பாயம் மாறும், சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். 1978-இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) மெர்சிடஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தபோது இந்த வகைதான் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மின்சப்ளை வேண்டாம், சூட்டைத் தாங்கும், எளிதில் கெடாது. ஆனால் மின்னழுத்தம் வேகத்துக்கு நேர்விகிதம். 100 கி.மீ. வேகத்தில் 3 வோல்ட் தரும் சென்சார், 5 கி.மீ. வேகத்தில் 0.15 வோல்ட்தான் தரும். அதற்கும் கீழே இரைச்சலில் மூழ்கிவிடும். மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர் பக்கத்திலேயே ஓடும் உங்கள் வண்டியில் இது இன்னும் மோசம்.

ஆக்டிவ் வகையில், காந்தப்புலத்தால் மின்னழுத்தம் தோன்றும் ஹால் விளைவையோ, ஜி.எம்.ஆர். போன்ற காந்தத்தடை விளைவுகளையோ பயன்படுத்தும் சில்லு இருக்கும். (ஜி.எம்.ஆர். விளைவை 1988-இல் கண்டறிந்த ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குருன்பெர்க் இருவருக்கும் 2007-இல் நோபல் பரிசு கிடைத்தது.) இது பாயம் மாறும் வேகத்தை அல்ல, புலத்தையே பார்ப்பதால் வண்டி ஊர்ந்தாலும் சிக்னலின் உயரம் மாறாது. பெரும்பாலான சில்லுகளில் இரண்டு உணர்வுப் பகுதிகள் சற்றுத் தள்ளி இருக்கும், அவற்றின் வித்தியாசம்தான் சிக்னல். வெளியிலிருந்து வரும் பொதுவான காந்தப்புலம் இரண்டிலும் சமமாக விழுந்து கழிந்துபோகும். அவற்றுக்கு இடையிலான தூரம் பல் இடைத்தூரத்தில் பாதியாக இருந்தால் சிக்னல் உச்சம். 2.5 மி.மீ. தூரம் கொண்ட சில்லுக்கு 5 மி.மீ. இடைத்தூரம் கச்சிதம், 6.5-க்கு 93 சதவீதம் கிடைக்கும், 3.3-க்கு 68 சதவீதம்தான். இடைத்தூரமும் 2.5 மி.மீ.-ஆகவே அமைந்துவிட்டால் இரண்டு பகுதிகளும் ஒரே காட்சியைப் பார்க்கும், சிக்னல் பூஜ்ஜியம்! டேட்டாஷீட்டில் இந்தத் தூரத்தைத் தேடிப் பார்க்காமல் வளையத்தை வெட்டக் கொடுக்காதீர்கள்.

வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஆக்டிவ் சென்சார்களில் இரண்டு இனம். பல் வளையத்துக்கானதில் சில்லின் முதுகில் காந்தம் இருக்கும். இன்றைய கார்களில் அதிகம் இருப்பது மற்றது. அதில் காந்தம் சென்சாரில் இல்லை, பேரிங்கின் சீலிலேயே ஃபெரைட் கலந்த ரப்பர் வளையமாக, வடக்கு தெற்கு என்று மாறி மாறிக் காந்தமேற்றப்பட்டு இருக்கும். இந்த இனத்து சென்சாரை வாங்கி இரும்புப் பல்லின் முன்னால் வைத்தால் ஒன்றுமே வராது. பழைய கார் பாகத்தைக் கொண்டுவந்து பொருத்தும் அணிகள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். அந்த மாதிரி பேரிங்கே உங்கள் ஹப்பில் இருந்தால் பல் வளையமே வேண்டாம், அதற்குரிய சென்சாரை மட்டும் வாங்குங்கள். அப்போது பேரிங்கை அழுத்திப் பொருத்தும் திசையைச் சரிபாருங்கள். காந்த வளையம் உள்ள பக்கம் சென்சாரைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் எல்லாம் சரியாக உட்காரும், சக்கரம் சுற்றும், வேகம் மட்டும் வராது.

வளையத்தின் பொருள் காந்தத்துக்கு ஒட்ட வேண்டும். குறைகார்பன் எஃகு, வார்ப்பிரும்பு, அழுத்திச் சுட்ட இரும்புத்தூள் எல்லாம் சரி. எவர்சில்வர் வேண்டுமென்றால் 430 போன்ற காந்தம் ஒட்டும் ரகம். 304 ஒட்டாது, அலுமினியமும் ஆகாது. பல்லின் அகலமும் பள்ளத்தின் அகலமும் ஏறக்குறையச் சமமாக இருக்கட்டும். பள்ளத்தின் ஆழம் இடைவெளியைப் போல் மூன்று நான்கு மடங்கு போதும். எடை குறைக்க வளையத்தில் துளை போடுவதாக இருந்தால் சென்சார் பார்க்கும் பட்டையை விட்டு விலகிப் போடுங்கள்.

துருவைப் பற்றி ஒரு அனுபவம். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சோதனை வண்டியில், பிரேக் மிதித்து நிற்கப்போகும் கடைசி நொடியில் பெடல் தடதடவென்று துடிக்கும். வேகமாகப் போகும்போது எந்தக் குறையும் இல்லை. சென்சாரை மாற்றினோம், வயரை மாற்றினோம், கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மாற்றிப் பார்த்தோம். கடைசியில் சிக்னலின் அலைவடிவப் பதிவை ஒரு முழுச் சுற்றுக்கு விரித்துப் பார்த்தபோது, சுற்றுக்கு ஒரு முறை ஒரே ஒரு துடிப்பு மட்டும் நீண்டிருந்தது. டிரைவ் ஷாஃப்டில் இறுக்கமாக அழுத்திப் பொருத்திய வளையத்துக்கு அடியில் துரு ஏறியிருக்கிறது. இரும்பைவிடத் துரு அதிக இடம் கேட்கும், அது உள்ளிருந்து தள்ளித் தள்ளி வளையம் ஒரு பள்ளத்தில் வெடித்து வாய் பிளந்திருந்தது. அந்த அகன்ற பள்ளம் கடக்கும்போதெல்லாம் சக்கரம் திடீரெனப் பூட்டிக்கொண்டதாக ஏ.பி.எஸ். நம்பியிருக்கிறது. வாரக்கணக்கில் தேடியது வெறுங்கண்ணுக்கே தெரியும் ஒரு விரிசலை. அன்றிலிருந்து பதிவை விநாடிக் கணக்கில் பார்ப்பதற்கு முன் பல் கணக்கில் அடுக்கிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. உங்களால் முடிந்தால் வளையத்தை ஹப்போடு ஒரே துண்டாகக் கடையுங்கள். முடியாவிட்டால் லேசான பொருத்தமும் போல்ட்டும் போதும், அடியில் பூச்சு கட்டாயம். சென்சார் உட்காரும் தளத்திலும் இதே கவனம் வேண்டும், அங்கே துரு ஏறினால் சென்சாரை மெல்ல மெல்லத் தூக்கி இடைவெளியைக் கூட்டிவிடும்.

மின்சுற்று எளிது. இரண்டு வயர் ஆக்டிவ் சென்சார் மின்னழுத்தத்தால் பேசுவதில்லை, மின்னோட்டத்தால் பேசுகிறது: 7 மில்லி ஆம்பியர், 14 மில்லி ஆம்பியர் என இரண்டு நிலைகள். 100 ஓம் மின்தடை வழியாக விட்டால் 0.7 வோல்ட்டும் 1.4 வோல்ட்டும் கிடைக்கும், நடுவில் ஒப்பீட்டு எல்லையை வையுங்கள். மின்னோட்டமே இல்லையென்றால் வயர் அறுந்திருக்கிறது, அளவுக்கு மீறிப் பாய்ந்தால் ஷார்ட். இன்வெர்ட்டர் இரைச்சலுக்கு நடுவே இந்த முறை நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஒரு எச்சரிக்கை: பழைய பாசிவ் சென்சாரைச் சோதிப்பதுபோல இதன் மின்தடையை மல்டிமீட்டரால் அளக்காதீர்கள், சில்லு கெட வாய்ப்புண்டு.

நிரலில் இரண்டு விஷயம் போதும். ஒன்று, ஏறும் விளிம்புகளை மட்டும் அல்லது இறங்கும் விளிம்புகளை மட்டும் எடுங்கள். இரண்டையும் கலந்தால் தெளிவு கூடுவதுபோலத் தெரியும், ஆனால் பல்லும் பள்ளமும் சென்சாருக்குச் சரிபாதியாகத் தெரிவதில்லை, இடைவெளி மாற மாற அந்தப் பங்கும் மாறும். இரண்டு, துடிப்பு வராத நேரத்திலும் தகவல் இருக்கிறது. கடைசித் துடிப்பிலிருந்து 80 மில்லி விநாடி கழிந்தும் அடுத்தது வரவில்லை என்றால், இத்தனை நேரத்தில் சராசரியாக ஒரு பல் தூரம்கூட நகரவில்லை என்று அர்த்தம். 41.7 மி.மீ.-ஐ 80-ஆல் வகுத்துக் கிடைக்கும் வேகம்தான் மேல் வரம்பு, பழைய வேகத்தை அதற்குக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். நேரம் இருந்தால், சீரான வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பல்லின் பிழையையும் கற்றுத் திருத்தும் அட்டவணை ஒன்றும் வையுங்கள். காற்று குறைந்த டயரைச் சக்கர வேகத்தை வைத்தே கண்டுபிடிக்கும் கார்களில் இப்படித்தான் செய்கிறார்கள். அங்கே தேடுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவான வேறுபாடு.

வண்டியில் ஏற்றும் முன் மேசையில் ஒரு நாள் செலவழியுங்கள். ஹப்பை லேத்தில் பிடித்து, டயல் கேஜால் வளையத்தின் ரன்அவுட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சென்சாரை 0.5 மி.மீ.-இல் வைத்து, 0.1 மி.மீ. ஷிம்மாகச் சேர்த்துக்கொண்டே போங்கள், சிக்னல் அறும் வரை. அறுந்த இடம் உங்கள் அதிகபட்ச இடைவெளியைவிடக் குறைந்தது அரை மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். மேலே போட்ட கணக்குப்படி 2 மி.மீ.-க்கு அப்பால். இதை வளையம் சூடாக இருக்கும்போதும் ஒருமுறை செய்யுங்கள். அப்புறம் ஒரு முழுச் சுற்றின் 48 நேரங்களையும் பதிவுசெய்து வரிசையாக வரையுங்கள். ஒற்றை அலையாக ஏறி இறங்கினால் மையம் தவறியிருக்கிறது, திரும்பக் கழற்றி உட்காரவையுங்கள். ஒரு பல் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் அந்தப் பல்லைப் பாருங்கள், பிசிரோ ஒட்டிய இரும்புத்துகளோ இருக்கும். கடைசியாக வளையத்தை நிறுத்தி, ஒரு பல்லின் விளிம்பைச் சரியாகச் சென்சாருக்கு நேரே வைத்து, ஹப்பை மரச்சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். நின்றிருக்கும் சக்கரத்திலிருந்து துடிப்பு வந்தால் ஒப்பீட்டுச் சுற்றின் ஹிஸ்டெரிசிஸ் (ஏறும் எல்லைக்கும் இறங்கும் எல்லைக்கும் நடுவே விடும் வித்தியாசம்) போதவில்லை, அதைக் கூட்டிவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள்.